புதுச்சேரி வெயிலில் வாசாபி: இரண்டரை ஆண்டு அனுபவம்

வாசாபி என்பது ஜப்பானியர் காரத்துக்காகக் கிழங்கைத் துருவிச் சாப்பாட்டோடு சேர்த்துக்கொள்ளும் செடி. 2022 டிசம்பரில் ஊட்டி நண்பர் ஒருவர் தன் செடியிலிருந்து பிரித்துக் கொடுத்த மூன்று வாசாபிப் பக்கக்கன்றுகளை ஈரச் சாக்கில் சுற்றி, இரவு பஸ்ஸில் முத்தியால்பேட்டைக்குக் கொண்டுவந்தேன். மார்கழிக் குளிரில் வேப்பமரத்தடியில், நிழல்வலைக்குக் கீழே அவை நன்றாகவே தழைத்தன. பூவரச இலை போன்ற வடிவம், ஓரத்தில் மட்டும் மெல்லிய பல். பார்க்கப் பார்க்க ஆசையாக இருந்தது.

பங்குனியில் நண்பகல் வந்தால் இலைகள் துவண்டு தொங்கின. பொழுது சாய்ந்ததும் நிமிர்ந்தன. தண்ணீர் போதவில்லை என்று நினைத்து மேலும் ஊற்றினேன். பெரும் தவறு. சித்திரையில் இரண்டு செடிகளின் குருத்து கறுத்து, தொட்டால் கொழகொழவென்று கையோடு வந்தது. ஜப்பானில் இது மலையோரச் சரளைப் பாத்திகளில், இடைவிடாது ஓடும் குளிர்ந்த ஊற்றுநீரில் வளர்வது. 8 முதல் 20 டிகிரி வரைதான் இதற்கு இதமான வெப்பம். நம் ஊர் மே மாத மொட்டைமாடியை எண்ணிப் பாருங்கள்.

மிஞ்சிய ஒரு செடிக்காக, கடைகளில் குளிர்பானம் வைக்கும் கண்ணாடிக் கதவுப் பெட்டி ஒன்றைப் பழையதாக வாங்கினேன். தெர்மோஸ்டாட்டை 15 டிகிரியில் நிறுத்தி, மங்கலான எல்.இ.டி. விளக்கு, சிறிய மின்விசிறி பொருத்தினேன். தொட்டியில் கழுவிய ஆற்றுமணலும் பொடிச் சரளையும் தேங்காய்நார்த் தூளும். எங்கள் போர் தண்ணீர் உப்பு. அதை ஊற்றியதும் இலை ஓரம் கருகியது. பிடித்துவைத்த மழைநீருக்கு மாறிய பிறகே புது இலை விட்டது. மின்சாரம் மாதம் 70 யூனிட் வரை கூடுகிறது. கோடையில் மின்வெட்டு நீண்டால் உறைந்த தண்ணீர் பாட்டில்களைத் தொட்டியைச் சுற்றி அடுக்குவேன். அசுவினிப் பூச்சி வந்தால் ஈரத் துணியால் துடைப்பதோடு சரி. உண்கிற இலையில் வேப்பெண்ணெய்க் கசப்பு ஏற எனக்கு மனமில்லை.

கிழங்கு முற்ற ஒன்றரை முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆகும். ஆனால் இலையும் தண்டும் ஆறாம் மாதத்திலிருந்தே சமையலுக்குக் கிடைக்கின்றன. நம் ஊரில் இதை வளர்ப்பவர் இலைக்காக வளர்ப்பதே சரி என்பது என் முடிவு. பொடியாக நறுக்கி உப்புப் பிசறி, கொதிக்காத சுடுநீரை, அதாவது 75 டிகிரி அளவில், ஊற்றி உடனே வடித்து, மூடி போட்ட பாட்டிலில் குலுக்கி வைக்க வேண்டும். கொதிநீர் ஊற்றினால் காரத்தை உண்டாக்கும் நொதியே செத்துவிடும். அரை மணி கழித்துத் தயிரில் கலந்தால் அருமையான பச்சடி. வறுத்த வஞ்சிரத்துக்கு இதைவிடப் பொருத்தமான துணையை நான் கண்டதில்லை.

2025 பிப்ரவரியில் கிழங்கை எடுத்தேன். நடுவிரல் நீளம், இலை உதிர்ந்த வடுக்கள் படிப்படியாக. ஜப்பானியர் சுறாத்தோல் பலகையில் துருவுவார்கள். நான் பீங்கான் துருவியில் வட்டமாக, மெதுவாகத் தேய்த்தேன். வெளிர்பச்சை விழுது. முதலில் புல் மணம். மூன்று நிமிடத்தில் காரம் எழுந்தது. அம்மா ஒரு துளி நாக்கில் வைத்துக் கண்ணை மூடி, "கடுகு அரைக்கும்போது மூக்கில் ஏறுமே, அதே வாசனை. ஆனால் இனிக்கிறது" என்றார். சரியாகவே சொன்னார்; கடுகும் முள்ளங்கியும் இதுவும் ஒரே குடும்பம். கால் மணி நேரத்தில் அந்தக் காரம் மெல்ல அடங்கிவிட்டது. கடையில் டியூபில் விற்பது பெரும்பாலும் குதிரைமுள்ளங்கியும் (ஹார்ஸ்ராடிஷ் என்னும் காரமான வேர்) கடுகும் பச்சை நிறமும் சேர்ந்த கலவை. அதில் இந்த இனிப்பு கிடையாது.

ஆங்கிலேயர் முருங்கையைக் குதிரைமுள்ளங்கி மரம் என்றே அழைத்தார்கள்; அதன் வேரைத் துருவி மாற்றாகப் பயன்படுத்தினார்கள். அதை யாரும் முயல வேண்டாம், வேர்ப்பட்டையில் நச்சு உண்டு.

கிழங்கைச் சுற்றி ஆறு பக்கக்கன்றுகள் இருந்தன. நான்கை ஈரச் சாக்கில் சுற்றி ஊட்டி நண்பருக்கே அனுப்பிவைத்தேன். இரண்டு பெட்டிக்குள் வளர்கின்றன. நேற்றுதான் ஒன்று ஐந்தாவது இலையை விரித்தது.