சேர்வதா, இணைவதா, கட்டுவதா: 'ஜாயின்' படுத்தும் பாடு

பாம்பன் சாலைப் பாலத்தில் நின்று கீழே ரயில் பாலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அக்கா மகள் கேட்டாள்: "மாமா, ஜாயின்னா 'சேர்'தானே? அப்ப பேப்பர்ல ஏன் 'தீவை இணைக்கும் பாலம்'னு போடுறாங்க?"

நல்ல கேள்வி. அகராதியைத் திறந்தால் சேர், இணை, பொருத்து, ஒட்டு என்று வரிசையாக அடுக்கிவிட்டு நழுவிவிடும். எதை எங்கே போடுவது என்று சொல்லாது.

எனக்கு ஒரே ஒரு சோதனைதான். அதை எப்படிப் பிரிப்போம் என்று கேட்டுப் பார்ப்பேன். கட்டியதை அவிழ்ப்போம். பொருத்தியதைக் கழற்றுவோம். ஒட்டியதைப் பிய்க்க வேண்டும். சேர்ந்தவர் விலகுவார். இணைப்பைத் துண்டிப்பார்கள், கரண்ட் பில் கட்டாமல் இருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்.

'சேர்' என்றால் ஒரு பக்கம் நிற்கும், இன்னொன்று அதை நோக்கிப் போகும். கல்லூரி அங்கேயே இருக்கிறது, நாம் போய்ச் சேர்கிறோம். 'இணை'க்கு இரண்டும் சமமாக நிற்க வேண்டும். இணைகோடு, இணைபிரியாத நண்பர்கள் எல்லாம் அந்த வழியில் வந்தவைதான். ஒருவர் கட்சியில் 'இணைந்தார்' என்று எழுதுவது எனக்குக் கொஞ்சம் மேடைப் பேச்சாகப் படுகிறது. அவர் சேர்ந்தார், அவ்வளவுதான். இரண்டு கட்சிகள் ஒன்றானால் இணைப்பு என்று தாராளமாகச் சொல்லலாம்.

ஆங்கிலத்தில் தானாகச் சேர்வதற்கும் ஒன்றைச் சேர்ப்பதற்கும் ஜாயின் ஒன்றேதான். நமக்குச் சேர்ந்தேன், சேர்த்தேன் என்று இரண்டு. கூடவே 'கல்லூரியில்' என்று உருபும் வேண்டும். அந்தப் பழக்கத்தில்தான் நம் பிள்ளைகள் 'ஜாயின்ட் இன் காலேஜ்' என்று எழுதிச் சிவப்பு மை வாங்குகிறார்கள். அங்கே அந்த 'இன்' தேவையில்லை.

வேரைத் தோண்டினால் இன்னும் வேடிக்கை. ஜாயின் என்பது 'யுங்கெரே' என்ற லத்தீன் சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. நுகத்தடியைக் குறிக்கும் 'யோக்', சமஸ்கிருத 'யோகம்' இரண்டும் அதற்குச் சொந்தக்காரர்கள். அப்படிப் பார்த்தால் அதற்கு மிக நெருங்கிய தமிழ்ச் சொல் 'பூட்டு', வண்டியில் மாடு பூட்டுகிறோமே, அது. இன்னொரு ஆங்கிலச் சொல்லான 'கனெக்ட்'டின் வேருக்குப் பொருள் 'கட்டு'தல். கட்டுவதில் நாம் அவர்களுக்கே சொல் கொடுத்தவர்கள்: கட்டுமரம்தான் அங்கே போய் 'கேட்டமரான்' ஆனது. மரங்களைக் கயிற்றால் கட்டி, கரைக்கு வந்ததும் அவிழ்த்து உலரப் போடும் கலம் அது. ஆணி அடித்த படகுக்கு அந்தப் பெயர் ஒட்டாது. ராமநாதபுரத்தை ஆண்ட சேதுபதிகளின் 'சேது'வும், கட்டுதல் என்ற பொருளுள்ள வேரிலிருந்து வந்த சொல்தான்.

சரி, பாலத்துக்கு வருவோம். 1914இல் திறந்த பழைய ரயில் பாலத்தின் நடுவே இரண்டு இறக்கைகள். அது பயன்பாட்டில் இருந்தவரை, கப்பல் வந்தால் ஆட்கள் கையால் சுற்றுவார்கள், இரண்டும் இரு பக்கமாக மேலே எழும். கப்பல் போனதும் இறங்கி நடுவில் முனையோடு முனை சேரும். 2025 ஏப்ரல் 6இல் திறந்த புதிய பாலத்தில் 72.5 மீட்டர் நீளத் துண்டு ஒன்று அப்படியே செங்குத்தாக மேலே போகிறது, திரும்ப இறங்கி இருபுறத் தண்டவாளத்துக்கும் நடுவே பொருந்துகிறது. பழையது சேர்ந்தது, புதியது பொருந்துகிறது. இரண்டும் இந்தக் கரையிலுள்ள மண்டபம் என்ற ஊரையும் ராமேஸ்வரம் தீவையும் இணைக்கத்தான். பேப்பர்காரர் எழுதியது சரி.

"அப்ப 'படகு கரை சேர்ந்தது'?" என்றாள்.

அங்கே ஜாயின் செல்லாது, ரீச் போடு என்றேன். "ஒருத்தர் 'போய்ச் சேர்ந்துட்டார்'னா?" என்று அடுத்ததை எடுத்தாள். பஸ் வந்துவிட்டது.