வாடகை சர்வரா, மூன்று வீட்டுப் பெட்டிகளா?

செட்டிநாட்டுப் பழைய வீடுகளின் படங்களுக்காக நாங்கள் சிலர் சேர்ந்து ஒரு இணையதளம் நடத்துகிறோம். முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, நிலைக்கதவுச் சிற்பம், ஆத்தங்குடிக் கல் என்று 3,000 படங்களுக்கு மேல் சேர்ந்துவிட்டன. மொத்தம் 22 ஜிபி. பார்ப்பவர்கள் கொஞ்சம்தான், ஆனால் பாதிப்பேர் கடல் தாண்டி இருப்பவர்கள். இதை எங்கே வைப்பது என்பதற்கு மூன்று வழிகளைப் பட்டுப் பார்த்தாகிவிட்டது.

முதலில் வாடகை சர்வர். மாதம் 400, 500 ரூபாய்க்கு ஒரு சின்ன மெய்நிகர் கணினி கிடைக்கும். மின்சாரம், நிலையான ஐபி முகவரி (இணையத்தில் அந்தக் கணினியின் விலாசம்), வேகமான இணைப்பு எல்லாம் அவர்கள் பாடு. எங்களுக்கு முதலில் முட்டியது இடம். அந்த விலையில் 25 ஜிபிதான் கொடுத்தார்கள், படங்களே 22 ஜிபி. இரண்டாவதாக முட்டியது பணம். 2021 அக்டோபரில், கார்டிலிருந்து மாதாமாதம் தானாகப் போகும் தொகைகளுக்குக் கூடுதல் சரிபார்ப்பு வேண்டும் என்ற ரிசர்வ் வங்கியின் விதி நடைமுறைக்கு வந்தது. எங்கள் வாடகை ஒரு நண்பரின் கார்டில் ஓடிக்கொண்டிருந்தது. பணம் போகவில்லை. எச்சரிக்கைகள் அவர் திறந்தே பார்க்காத ஒரு மின்னஞ்சலில் குவிந்தன. கோலாலம்பூரிலிருந்து ஒருவர் கூப்பிட்டு, “எங்க ஐயா வீட்டுப் படத்தைக் காணோமே” என்று கேட்டபோதுதான் தளம் நின்றது எங்களுக்கே தெரியும். தப்பு எங்களுடையதுதான். அந்த சர்வர் மூன்று வருடத்தில் ஒரு நாள்கூடத் தானாகப் படுத்ததில்லை.

அடுத்து, காரைக்குடியில் என் வீட்டு அலமாரியில் ஒரே பெட்டி. ராஸ்பெர்ரி பை 4 என்ற உள்ளங்கை அளவுக் கணினி, சேமிக்க யுஎஸ்பியில் செருகிய 500 ஜிபி எஸ்எஸ்டி. சராசரியாக 4 வாட் என்று வைத்துக்கொண்டால் இரண்டு மாதத்துக்கு 6 யூனிட்டுக்குள் முடிந்துவிடும். மின்கட்டணத்தில் அது கண்ணுக்கே தெரியாது. ஆனால் ஒரே வீடு என்றால் அந்த வீட்டின் எல்லாச் சங்கடமும் தளத்தின் சங்கடம். மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையில் நிறுத்தினால் சாயங்காலம்தான் மின்சாரம் வரும். ரவுட்டருக்கு வாங்கிய குட்டி யுபிஎஸ் அத்தனை மணி நேரம் தாங்காது. நான் முதலில் எஸ்எஸ்டி போடாமல் மெமரி கார்டிலேயே ஓட்டினேன். லாக் என்ற நடப்புக் குறிப்பை ஓயாமல் எழுதிக்கொண்டே இருக்கும், நடுவில் மின்சாரம் போகும், ஒருநாள் கார்டு எழுந்திருக்காது. எனக்கு ஐந்தாவது மாதத்தில் எழுந்திருக்கவில்லை.

இன்னொரு தொல்லை சிஜிநாட். பல வீட்டு இணைப்புகளில் வெளியுலகுக்குத் தெரியும் ஐபி முகவரி நமக்கென்று தனியாக இருக்காது, பல வீடுகளுக்குப் பொதுவாக ஒன்றைக் கொடுத்திருப்பார்கள். ரவுட்டரின் வெளிப்பக்க (WAN) முகவரி 100.64 முதல் 100.127 வரையிலான வரிசையில் இருந்தால் நீங்களும் அந்தக் கூட்டத்தில் இருக்கிறீர்கள். வெளியிலிருந்து நேரே உங்கள் பெட்டியைத் தட்ட முடியாது. புதிய வகை முகவரியான ஐபிவி6 இருந்தால் வழி உண்டு, ஆனால் பார்ப்பவரிடமும் அது இருக்க வேண்டும். போதாக்குறைக்கு, வீட்டு இணைப்பில் சர்வர் ஓட்டக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே போட்டிருக்கும் நிறுவனங்களும் உண்டு. படித்துப் பார்த்துவிட்டு இறங்குங்கள்.

மூன்றாவது, இப்போது நாங்கள் இருக்கும் வழி: அதே மாதிரி மூன்று பெட்டிகள், மூன்று தன்னார்வலர் வீடுகளில். இதற்குள்ளேயே பல கிளைகள். மூன்று வீட்டு முகவரிகளையும் டிஎன்எஸ்ஸில், அதாவது தளத்தின் பெயருக்கு ஐபி முகவரி சொல்லும் ஏட்டில், போட்டுவிட்டு விதி விட்ட வழி என்று இருக்கலாம். ஒரு வீடு படுத்தால் பிரவுசர் அடுத்த முகவரிக்குத் தானே போகும். ஆனால் படுத்த வீடு “இல்லை” என்றுகூடச் சொல்லாமல் மௌனமாக இருந்தால், அது போவதற்குள் பார்ப்பவர் சில பல விநாடிகள் வெள்ளைத் திரையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழிலும் (https-க்கு வேண்டியது) சிக்கல். அதை இலவசமாகக் கொடுக்கும் லெட்ஸ் என்கிரிப்ட் சரிபார்க்க வரும்போது சான்றிதழ் கேட்ட வீட்டை விட்டுவிட்டு இன்னொரு வீட்டைத் தட்டினால் கதை கந்தல். டிஎன்எஸ் வழிச் சரிபார்ப்புக்கு மாறினால் தீரும். சிஜிநாட் மட்டும் இதிலும் தீராது.

கோப்புகளைப் பல கணினிகளில் பகிர்ந்து வைக்கும் ஐபிஎஃப்எஸ்ஸும் பார்த்தோம். கோப்பின் உள்ளடக்கத்தையே முகவரியாக்கும் யோசனை அழகானது. ஆனால் சாதாரண பிரவுசரில் பார்க்க நடுவே ஒரு கேட்வே, அதாவது இடைத்தரகு சர்வர், வேண்டும். தேவகோட்டையில் போனில் பார்க்கும் பெரியம்மாவுக்கு அது சரிப்படாது. விட்டுவிட்டோம்.

நிலைத்தது இதுதான்: வாடகைக்கு ஆகக் குறைந்த விலையில் ஒரு சர்வர், வாசலில் காவலாள் மாதிரி. அதில் படம் எதுவும் இல்லை. மூன்று வீடுகளும் வயர்கார்டு என்ற மென்பொருள் போடும் மறையாக்கச் சுரங்கம் வழியாக உள்ளிருந்து அதைப் பிடித்துக்கொள்கின்றன. இணைப்பு வீட்டிலிருந்து புறப்படுவதால் சிஜிநாட் தடுப்பதில்லை. வருபவர்களை வீடுகளுக்குப் பிரித்து அனுப்பும் எச்ஏபிராக்ஸி என்ற மென்பொருள் சில விநாடிக்கு ஒருமுறை மூன்றையும் தட்டிப் பார்த்து, பதில் சொல்லாத வீட்டை வரிசையிலிருந்து எடுத்துவிடும். சான்றிதழின் ரகசியச் சாவியும் வாசலிலேயே இருப்பதால், ஒரு வீட்டில் பெட்டி திருடு போனாலும் சாவி போகாது. வாசலே படுத்தால் தளமும் படுக்கும் என்று கேட்பீர்கள். உண்மைதான். ஆனால் அதில் சரக்கே இல்லாததால், வேறு இடத்தில் ஒரு மணி நேரத்தில் புது வாசல் வைத்துவிடலாம். வாடகையை இப்போது வருடத்துக்கு ஒருமுறை மொத்தமாகக் கட்டிவிடுகிறோம்.

படங்களை மூன்று வீட்டிலும் ஒன்றுபோல் வைக்க இரவில் ஆர்சின்க் என்ற நகலெடுக்கும் நிரல் ஓடுகிறது. இதற்கென்றே காரேஜ் என்ற மென்பொருள் உண்டு. ரஸ்ட் என்ற நிரல்மொழியில் எழுதியது, வீட்டு இணைப்பின் தாமதத்தைத் தாங்கும்படி வடிவமைத்தது. மூன்று இடங்களில் மூன்று படி (நகல்) வைக்கும், இரண்டு இடம் சரி என்றால் எழுதியதாக ஏற்கும். பலர் ஒரே நேரத்தில் படம் ஏற்றுவதாக இருந்தால் அதற்கே போயிருப்பேன். நாங்கள் வாரத்துக்கு நாற்பது படம் ஏற்றுகிறோம், ஏற்றுவது ஒரே ஆள். ஆர்சின்க் போதும்.

மூன்று படி என்பதில் எனக்குப் பிடிவாதம் உண்டு. பக்கத்துக் கோட்டையூரில் ரோஜா முத்தையா ஏறத்தாழ ஒரு லட்சம் நூல்களும் இதழ்களும் துண்டுப் பிரசுரங்களும் சேர்த்து வைத்திருந்தார். அவர் மறைந்த பிறகு, 1994ல் சென்னையில் அது ஆராய்ச்சி நூலகமாகி மைக்ரோஃபிலிம் படிகளும் எடுத்தார்கள். எல்லா வீட்டுச் சேகரிப்புக்கும் அந்தக் கொடுப்பினை வாய்க்காது.

இதில் நாங்கள் செய்த பெரிய முட்டாள்தனம், முதலில் பள்ளத்தூரில் அடுத்தடுத்த தெருவில் இரண்டு வீடு பிடித்தது. இரண்டுக்கும் ஒரே பீடர், அதாவது துணை மின்நிலையத்திலிருந்து வரும் ஒரே மின்தடம். பராமரிப்பு நாளில் இரண்டும் சேர்ந்தே போயின, மூன்றாவது வீட்டு ரவுட்டர் அன்றைக்கென்று மக்கர் செய்தது. இப்போது பெட்டி வைக்கும் முன்பு கேட்கும் முதல் கேள்வி, உங்கள் லைன் எந்தத் துணை மின்நிலையத்திலிருந்து வருகிறது என்பதுதான். இணைய நிறுவனமும் வீட்டுக்கு வீடு வேறாக இருந்தால் நல்லது.

பூட்டிய பெரிய வீடுகள் இந்தப் பக்கம் நிறைய. அங்கே வைத்தால் யாரும் தொட மாட்டார்கள் என்று நினைத்தோம். தப்பு. தொட ஆள் வேண்டும். பள்ளத்தூர்ப் பெட்டி ஒருநாள் நின்றபோது கூப்பிட்டேன்.

“ஆச்சி, பெட்டியில சிவப்பு லைட் எரியுதா?”

“எரியல தம்பி. மிக்சி போடணும்னு நான்தான் பிளக்கைப் பிடுங்கினேன். மாட்டணுமா?”

மாட்டினார்கள், இரண்டு நிமிடத்தில் வந்துவிட்டது. பூட்டிய வீடாக இருந்தால் சாவி எந்தப் பங்காளியிடம் என்று தேடவே ஒரு வாரம் ஆகியிருக்கும். அப்புறம் ஆச்சிக்கு ஒரு எக்ஸ்டென்ஷன் பலகை வாங்கிக் கொடுத்தோம். மொத்தச் செலவில் உருப்படியான 200 ரூபாய் அதுதான்.

செலவு? பெட்டி, எஸ்எஸ்டி, அடாப்டர் எல்லாம் வாங்கிய கணக்கில், மூன்று வீட்டுப் பெட்டிகள் வாடகை சர்வரைவிட மலிவு என்று நான் சொல்ல மாட்டேன். பழைய மினி கணினி கிடைத்தால் குறையும், ஆனால் மின்சாரம் கூடுதலாகத் தின்னும். வாடகையும் தொடர்கிறது. கோயிலுக்குப் புள்ளி வரி போடுகிற மாதிரி ஆளுக்கு இவ்வளவு என்று பிரித்துக்கொள்கிறோம். உங்கள் தளம் சில நூறு எம்பிதான் என்றால், அல்லது பணப் பரிமாற்றம், பதிவுப் படிவம், பெரிய டேட்டாபேஸ் இருக்கிறது என்றால், பேசாமல் வாடகைக்கே போங்கள். படமும் பக்கமும் மட்டும், கனமாக, பல வருடம் இருக்க வேண்டும் என்றால்தான் வீடுகள்.

கானாடுகாத்தான் அண்ணன் தை மாதம் மகளோடு இருக்கச் சிங்கப்பூர் போகிறார். அவர் வீட்டுப் பெட்டிக்குக் கோட்டையூரில் ஒரு வீடு பேசியிருக்கிறோம். ஆள் இருக்கிற வீடு. லைன்மேனைக் கேட்டாயிற்று, வேறு பீடர்தான்.