நான்கு நாள் ஸ்டாலில் நின்றேன், 13,500 ரூபாய் போச்சு

சற்று முன்புதான் அந்த அக்கா என் நம்பரை பிளாக் செய்தார். அந்தச் சூட்டோடுதான் எழுதுகிறேன்.

மும்பையில் கண்காட்சிகளுக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் ஏஜென்சிக்காரர் அவர். கோரேகாவ் நெஸ்கோவில் வீட்டு அலங்காரக் கண்காட்சி. கரூர் திரைச்சீலை கம்பெனி ஒன்றின் ஸ்டாலுக்குத் தமிழும் இந்தியும் தெரிந்த பெண் வேண்டுமாம். நாளுக்கு 3,000 வீதம் நான்கு நாள், 12,000. புடவைக்கும் பாஸுக்கும் டெபாசிட் 1,500, கடைசி நாள் திரும்பக் கிடைக்கும் என்றார்.

"அக்கா, ஒரு மெயிலாவது போடுங்களேன்" என்று கேட்கத்தான் செய்தேன்.

"ஏட்டி, நாம தின்னவேலிக்காரங்க. நமக்குள்ள என்னத்துக்கு எழுத்தும் கிழுத்தும்?"

அப்படியே என் அம்மாவின் இழுப்பு. தாராவியிலேயே பிறந்து வளர்ந்த எனக்கு ஊர் என்பதே அந்தப் பேச்சுதான். அங்கேயே உட்கார்ந்து 1,500 ரூபாயை ஜிபேயில் போட்டேன். மடச்சி.

வேலையில் ஒரு குறை வைக்கவில்லை. சயானில் ஏறி, தாதரில் மாறி, ஒன்பதுக்கெல்லாம் ஸ்டாலில் நிற்பேன். கரூர் முதலாளிக்கு இந்தி வராது, வந்த டீலர்களுக்குத் தமிழ் வராது. ஜி.எஸ்.எம். என்றால் ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்பது, ஜக்கார்டில் பூ நெசவிலேயே விழும், பிரிண்டில் மேலே அச்சாகும் என்பது எல்லாம் முதல் நாள் இரவு உட்கார்ந்து படித்தது. 'இந்த டிசைனில் 300 மீட்டருக்குக் கீழே தர முடியாது' என்பதை எதிராளி முகம் சுளிக்காமல் இந்தியில் சொல்வது தனி வித்தை. அதையும் செய்தேன்.

கடைசி நாள், "கிளையன்ட் பணம் வரட்டும்." அடுத்த வாரம், "அக்கவுண்ட்ஸ் பையன் ஊருக்குப் போயிருக்கான்." அப்புறம் டி.டி.எஸ்., அதாவது சம்பளத்தில் பிடிக்கும் வரிக் கணக்காம். அப்புறம் 45 நாள் ஆகுமாம். புடவையில் கறை, அதனால் டெபாசிட்டும் கிடையாதாம். பிறகு வெறும் நீல டிக்.

இன்று கரூர் முதலாளிக்கே போன் போட்டேன். "அம்மணி, ஒரு நாளைக்கு ஆறாயிரம்னு அன்னைக்கே முழுசும் குடுத்துட்டனுங்களே" என்று ஸ்கிரீன்ஷாட்டும் அனுப்பினார். 24,000! அதை அக்காவுக்குத் தட்டிவிட்டேன். பிளாக்.

என்ன செய்யலாம் என்று விளக்கமாக எழுதத்தான் நினைத்தேன், இப்போது பொறுமை இல்லை. சம்பளம், கொடுக்கும் தேதி இரண்டையும் வாட்ஸ்அப்பிலாவது எழுதி வாங்குங்கள். வேலை தருகிறவர் டெபாசிட் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். பான் நம்பரே கேட்காதவர் டி.டி.எஸ். பிடித்தேன் என்றால் நம்பாதீர்கள். ஸ்டால் முதலாளியிடம் முதல் நாளே சம்பளம் பற்றிப் பேசிவிடுங்கள், நான் பேசவில்லை.

13,500 ரூபாய்! நாளை காலை அந்த ஆபீஸுக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகிறேன். தின்னவேலிப் பேச்சு எப்படி இருக்கும் என்று அக்காவும் கொஞ்சம் கேட்கட்டும்.