சுண்டெலிச் சக்கரமும் ஒரு வால்வும்: மூன்று வருடம் கழித்து

எங்கள் சக்கர ரிக்கில் (சுண்டெலியின் பார்வையைச் சோதிக்கும் கருவி) எலிக்குச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடும் வால்வைப் போன வாரம்தான் மாற்றினேன். அன்றைக்கே வேறு லேபில் இருக்கும் தோழி, "நாங்களும் அந்தச் சக்கர ரிக் கட்டலாமா?" என்று கேட்டாள். அவளுக்குச் சொன்னது இதுதான்.

திரையில் இடதோ வலதோ கோடு போட்ட வட்டம் வரும். சுண்டெலி முன்னங்கால்களால் சக்கரத்தைத் திருப்பி அதை நடுவுக்குக் கொண்டுவரும். சரியென்றால் ஒரு சொட்டு சர்க்கரைத் தண்ணீர், தப்பென்றால் அரை நொடி இரைச்சல். லண்டனில் பிறந்த இந்த முறையை இன்டர்நேஷனல் பிரெய்ன் லேபரட்டரி என்ற பல நாட்டு லேப்களின் கூட்டமைப்பு எடுத்துச் செப்பனிட்டு, 7 லேப்களில் 140 எலிகளை வைத்துப் பார்த்து 2021-இல் வெளியிட்டது. பழகிய எலிகள் எந்த ஊரில் இருந்தாலும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி செய்தன. நாங்கள் அதை நம்பித்தான் கட்டினோம். அந்த நம்பிக்கை வீண்போகவில்லை.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது பூஜ்ஜியம் கான்ட்ராஸ்ட் ட்ரயல், அதாவது வட்டம் பின்னணியிலிருந்து துளியும் தனித்துத் தெரியாத சுற்று. திரையில் ஒன்றுமே இருக்காது. ஆனால் வட்டம் 80:20 என்று ஒரு பக்கமே அதிகம் வரும் ப்ளாக்கில் (ட்ரயல்களின் தொடர்), எலி அந்தப் பக்கத்தை ஊகித்துத் திருப்பும். முதல்முறை அதைப் பார்த்த சாயங்காலம் வீட்டுக்குப் போகவே மனம் வரவில்லை.

சரி, வால்வுக்கு வருகிறேன். நன்றாகப் பழகிய ஒரு எலி, வட்டம் மிகத் தெளிவாகத் தெரியும் முழு கான்ட்ராஸ்ட்டிலேயே தப்பு செய்ய ஆரம்பித்தது. ஒவ்வொரு கான்ட்ராஸ்ட்டிலும் எத்தனை சரி என்று காட்டும் வளைகோட்டின் உச்சி நாளுக்கு நாள் இறங்கியது. எலிகள் இடையிடையே கவனம் விட்ட நிலைக்குப் போய், பல ட்ரயல்கள் அங்கேயே இருக்கும் என்று 2022-இல் ஒரு ஆய்வு காட்டியிருந்தது. இதுவும் அதுதான் என்று நினைத்து எலியையே குறை சொன்னோம். மூன்று வாரம் போனது. கடைசியில் 100 சொட்டைப் பிடித்து எடை போட்டேன். சொட்டுக்கு 3 மைக்ரோலிட்டர் வீதம் 0.3 கிராம் வர வேண்டும், வந்தது 0.17. சர்க்கரைத் தண்ணீர் உள்ளே படிந்து வால்வை அடைத்திருந்தது. பாதிக் கூலிக்கு எந்த எலி முழு வேலை செய்யும்? நாங்கள் அளந்தது அதன் பார்வையை அல்ல, எங்கள் வால்வை.

அந்த மூன்று வார டேட்டா முழுவதையும் தூக்கிப் போட்டேன். தினமும் தண்ணீர் கட்டுப்பாட்டில் இருக்கும் உயிர் அது. அதன் உழைப்பை வீணாக்கிவிட்டோம் என்பதுதான் இன்னும் உறுத்துகிறது.

அதனால் தோழியிடம் இப்போதைக்கு வேண்டாம் என்றேன். மூன்று வருடத்தில் இதைவிட நல்ல டேட்டா தந்த ரிக் எனக்கு இல்லை, ஆனாலும் வேண்டாம் என்றுதான் சொன்னேன். அவள் ஏற்கனவே ஆர்டர் போட்டாயிற்றாம். அப்படியென்றால் வால்வு இரண்டாக வாங்கு, தினமும் வெந்நீர் விட்டுக் கழுவு, வாரத்துக்கு ஒருமுறை 100 சொட்டை எடை போடு என்றேன்.