நுண்ணுயிர்க் கலத்துக்கு எந்தச் சவ்வு?

சென்னையின் மீஞ்சூர், நெம்மேலி ஆலைகளில் நடப்பது ஆர்ஓ முறை, அதாவது அழுத்தம் கொடுத்து நீரைச் சவ்வு வழியே தள்ளி உப்பைப் பிரிப்பது. கடல்நீரை ஆர்ஓ முறையில் நன்னீராக்க ஒரு கன மீட்டருக்குச் சுமார் 3 முதல் 4 யூனிட் மின்சாரம் வேண்டும். 2009இல் சீனாவின் சிங்குவா பல்கலைக்கழகமும் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகமும் சேர்ந்து வேறொரு வழியைக் காட்டின: பாக்டீரியா தரும் மின்சாரத்தாலேயே உப்பை நீக்கும் நுண்ணுயிர்க் கலம். அதில் மூன்று அறைகள்: ஒரு ஓரத்தில் அனோடு என்ற மின்முனை, மறு ஓரத்தில் கேத்தோடு என்ற மின்முனை, நடுவில் உப்புநீர். அசிட்டேட் என்ற கரிமப் பொருளைத் தின்னும் பாக்டீரியா அனோடில் எலக்ட்ரானை விடும். அந்த மின்னோட்டம் நடு அறையில் இருக்கும் உப்பை இரண்டு பக்கமும் இழுத்துக்கொள்ளும். 90 சதவீத உப்பு போனது, மின்சாரமும் கிடைத்தது. ஆனால் அந்த நடு அறை பிடித்தது வெறும் 3 மில்லிலிட்டர்தான்.

இதில் சவ்வுகள் இரண்டு. அனோடு பக்கம் குளோரைடு போன்ற எதிர்மின் அயனிகளை மட்டும் விடுவது ஒன்று, கேத்தோடு பக்கம் சோடியம் போன்ற நேர்மின் அயனிகளை மட்டும் விடுவது இன்னொன்று.

கேத்தோடு பக்கத்துக்கு நஃபியான் என்ற சவ்வை வாங்கலாமா, சாதாரணத் தடித்த அயனிப் பரிமாற்றச் சவ்வே போதுமா? நஃபியான் மெல்லியது, மின்தடை குறைவு, விலையோ மிக அதிகம். நான் சாதாரணச் சவ்வின் பக்கம். காரணம் அந்த 2009 ஆய்விலேயே இருக்கிறது. உப்பு குறையக் குறைய கலத்தின் மின்தடை 25 ஓமிலிருந்து 970 ஓம் வரை ஏறியது. நடுவில் இருக்கும் நீர் நன்னீராவதால் வரும் தடை அது. சவ்வை மெலிதாக்கி அதைக் குறைக்க முடியாது.

அனோடு பக்கத்தில்தான் உண்மையான போட்டி. குளோரைடுச் சவ்வுக்குப் பதிலாக முன்னோக்குச் சவ்வூடுபரவல் சவ்வை (உப்பைத் தடுத்து, நீரை மட்டும் உப்பு அதிகமுள்ள பக்கத்துக்கு விடுவது) வைத்தால், அனோடு அறையில் பாக்டீரியாவுக்கு உணவாக விடும் கழிவுநீரில் இருக்கும் தண்ணீரே கடல்நீருக்குள் வந்து சேரும். உப்பின் செறிவு வேகமாக இறங்கும். பார்க்க அழகாக இருக்கும், ஆனால் அந்த இறக்கத்தில் பெரும் பங்கு நீர் கலந்ததால் வந்தது, உப்பு வெளியேறியதால் அல்ல. அதனால் இந்த இரண்டு சவ்வுகளையும் உப்புச் சதவீதத்தை வைத்து ஒப்பிடுவது நியாயமில்லை. எத்தனை கிராம் உப்பு வெளியேறியது என்று பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தால் எனக்குக் குளோரைடுச் சவ்வுதான். அதிலும் குறை உண்டு. புரோட்டான் வெளியேற வழியில்லாமல் அனோடு அறை புளித்துப்போகும், பாக்டீரியா சோர்ந்துவிடும். கழிவுநீரைத் தொடும் முகத்தில் பாசி போலப் படலமும் படியும்.

புளிப்பைத் தீர்க்க, நீரை அமிலமாகவும் காரமாகவும் பிளக்கும் இருமுனைச் சவ்வு இருக்கிறது. ஆனால் நீரைப் பிளக்க அது வெளியிலிருந்து மின்னழுத்தம் கேட்கும். மின்சாரம் தர வேண்டிய கலம் மின்சாரம் வாங்கும் கலமாகிவிடும்.

சரி, ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு எலக்ட்ரான் ஓடினால் ஒரு சோடியமும் ஒரு குளோரைடும் நகரும். லிட்டருக்கு 35 கிராம் உப்புள்ள ஒரு கன மீட்டர் கடல்நீரில் சுமார் 600 மோல் உப்பு. அதை நகர்த்த 16,000 ஆம்பியர்-மணி வேண்டும். ஒரு சதுர மீட்டர் சவ்வில் ஒரு ஆம்பியர் ஓடினால் ஏறக்குறைய இரண்டு வருஷம்! சவ்வு ஜோடிகளை அடுக்கினால் ஒரே எலக்ட்ரான் பல ஜோடி அயனிகளை நகர்த்தும், ஆனால் ஒவ்வொரு அடுக்கும் மின்தடையைக் கூட்டி மின்னோட்டத்தைக் குறைக்கும்.

இதனால்தான் இந்தக் கலத்திடம் முழு நன்னீரைக் கேட்கக் கூடாது என்கிறேன். ஆர்ஓவுக்கு முன்னால் வைத்துப் பாதி உப்பை மட்டும் எடுக்கச் சொல்லலாம். ஆர்ஓ பம்பு வெல்ல வேண்டிய, கடல்நீரின் சவ்வூடுபரவல் அழுத்தம் சுமார் 27 பார். உப்பு பாதியானால் அதுவும் ஏறக்குறைய பாதியாகும், ஆர்ஓ பம்புக்குச் சுமை குறையும். தடை 970 ஓமுக்கு ஏறும் அந்தக் கடைசிக் கட்டத்துக்குக் கலம் போகவே வேண்டியதில்லை. அந்த வேலைக்குத் தடித்த, மலிவான, கழுவித் திரும்ப மாட்டக்கூடிய சவ்வு ஜோடியே போதும்.