குளிர்காலச் சோர்வு: விளக்கா, குளிசையா, பேச்சுச் சிகிச்சையா?

ரொறன்ரோவில் டிசம்பர் கடைசியில் 7.45 கழிந்துதான் விடிகிறது. மாலை 5 மணிக்கு முன்பே இருட்டிவிடுகிறது. காலை ஷிப்ட் செய்பவர் பகல் வெளிச்சத்தை ஒழுங்காகக் காண்பதே சனி, ஞாயிறில்தான். ஒவ்வோர் ஆண்டும் இதே மாதங்களில் தீராத நித்திரை, சோறும் இனிப்பும் கேட்கும் பசி, ஒருவரோடும் பேசப் பிடிக்காத மனம் என்று வந்தால், அதைப் பஞ்சி என்று வீட்டில் ஏசுவது அநியாயம். 1984இல் அமெரிக்க மனநல வைத்தியர் நோர்மன் ரோசந்தாலும் சகாக்களும் விவரித்த, பருவகால மனச்சோர்வு என்ற நோய் இது. சிகிச்சையும் உண்டு.

முதலில் விளக்கு. 10,000 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சம், எழும்பி ஒரு மணி நேரத்துக்குள், அரை மணி நேரம். வீட்டு விளக்குகள் சில நூறு லக்ஸைத் தாண்டுவதே அரிது. எல்லாவற்றையும் போட்டுவைத்தாலும் ஈடாகாது. சாப்பாட்டு மேசையின் ஓரத்தில், முகத்திலிருந்து ஒன்றரை அடி தள்ளி, கண்ணுக்குச் சற்று மேலே வையுங்கள். தேத்தண்ணி குடிக்கலாம், பேப்பர் பார்க்கலாம்; விளக்கையே உற்றுப் பார்க்கக் கூடாது. வாங்கும்போது எந்தத் தூரத்தில் 10,000 என்று போட்டிருக்கிறதென்று கட்டாயம் பாருங்கள். சின்ன விளக்குகள் பல, மூக்கருகே வைத்தால்தான் அந்த அளவைத் தொடும். பலருக்கு ஒன்றிரண்டு வாரத்திலேயே மாற்றம் தெரியும். ஆனால் இடையில் விட்டால் சோர்வு திரும்பிவிடும். விழித்திரை நோய், நீரிழிவால் கண் பாதிப்பு, இருமுனைக் கோளாறு இருந்தால் வைத்தியரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம். நம்மவர்களிடையே நீரிழிவு அதிகம் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

குளிசை இதற்குச் சளைத்ததல்ல. 2006இல் வெளியான கனடிய ஆய்வொன்றில் 96 பேரில் ஒரு பகுதியினருக்கு விளக்கு, மற்றவர்களுக்கு ஃப்ளூவொக்செடின் என்ற மனச்சோர்வுக் குளிசை. 8 வாரம் கழித்து இரு பக்கமும் 67 சதவீதத்தினர் தேறினர். விடியுமுன் வேலைக்கு ஓடுபவருக்கும், சோர்வு கடுமையாக உள்ளவருக்கும் குளிசைதான் நடைமுறைக்கு ஒத்துவரும். புப்ரோப்பியன் என்ற இன்னொரு மனச்சோர்வுக் குளிசையை இலையுதிர் காலத்திலேயே தொடங்கி, சோர்வு வராமலே தடுக்கப் பார்ப்பதும் உண்டு.

பேச்சுச் சிகிச்சையை நம்மில் பலர் கடைசியில்தான் நினைக்கிறோம். வெர்மொண்ட் பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் கெல்லி ரோகன் 177 பேரிடம் சி.பி.டி. என்ற பேச்சுச் சிகிச்சையையும் (நினைப்பையும் நடத்தையையும் மாற்றப் பழக்குவது) விளக்கையும் ஒப்பிட்டார். 6 வாரத்தில் இரண்டும் சமம். இரண்டு குளிர்காலம் கழித்துப் பார்த்தபோது, விளக்குப் பக்கம் ஏறத்தாழ 46 சதவீதத்தினருக்குச் சோர்வு திரும்பியிருந்தது, சி.பி.டி. பக்கம் 27 சதவீதத்தினருக்கே. "இருட்டிவிட்டது, இனி என்ன செய்ய" என்ற நினைப்பைப் பிடித்து, கோட்டைப் போட்டு வெளியே இறங்கப் பழக்குகிறார்கள். அந்தப் பழக்கம் அடுத்த ஆண்டும் கைகொடுக்கிறது. ஒன்ராறியோவில் இதை இலவசமாகத் தரும் அரசுத் திட்டம் இருக்கிறது. குடும்ப வைத்தியரிடம் கேளுங்கள்.

ஆகவே, ஜனவரியில் அவதிப்படுபவர் விளக்கை வாங்கட்டும். வருடா வருடம் படுபவர் கோடையிலேயே சி.பி.டி.க்குப் பதியட்டும், என் ஓட்டு அதற்கே. மதியம் வெளியே நடப்பது எல்லோருக்கும் நல்லது, மேகம் மூடியிருந்தாலும். விட்டமின் டி குறைவென்றால் எடுங்கள், மனச்சோர்வுக்கு அதை மட்டும் நம்பியிருக்க வேண்டாம்.

உயிரை விடலாம் என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால் இந்த ஒப்பீடெல்லாம் பிறகு. உடனே 9-8-8க்கு அழையுங்கள். கனடா முழுக்க, எந்த நேரமும் எடுப்பார்கள்.