மாலில் துப்பாக்கியைக் கண்டுபிடிக்க எது நல்லது: நாயா, ஸ்கேனரா?

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் உள்ள மால் ஆஃப் அமெரிக்காவுக்குள் துப்பாக்கி கொண்டுவரத் தடை உண்டு. அப்படியும் 2022 டிசம்பரில், கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்பு, அங்கே 19 வயது இளைஞர் ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அறிவிப்புப் பலகை மட்டும் போதாது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

ஸ்கேனர் களைப்படையாது, வருகிற எல்லோரையும் பார்க்கும். ஆனால் லேப்டாப்புக்கும் குடைக்கும்கூட அலறுகிறது. ஒவ்வொரு வாசலுக்கும் ஒன்று வேண்டும், பக்கத்தில் ஆளும் வேண்டும். விளம்பரத்தையும் அப்படியே நம்ப முடியாது: ஸ்கேனர் தயாரிக்கும் எவால்வ் நிறுவனம் தன் கருவியைப் பற்றி மிகைப்படுத்திச் சொன்னதாக 2024 நவம்பரில் அமெரிக்க வர்த்தக ஆணையம் நடவடிக்கை எடுத்தது.

நாய் தேடுவது உலோகத்தை அல்ல, வெடிமருந்தின் வாசனையை. அலபாமாவின் ஆபர்ன் பல்கலைக்கழகத்தில் உருவான பயிற்சியில், நடந்துபோகிறவருக்குப் பின்னால் காற்றில் மிதக்கும் வாசனையை நாய் பிடிக்கிறது. யாரையும் நிறுத்த வேண்டாம், வரிசையும் இல்லை. வாசலில் பிடித்த சந்தேகத்தை உள்ளே உணவகம் வரை பின்தொடரவும் முடியும். இதை வாசலில் நிற்கும் ஸ்கேனரால் செய்ய முடியாது.

சரி, குறையும் உண்டு. நாய்க்கு அடிக்கடி ஓய்வு தர வேண்டும். சுடும் பயிற்சிக்குப் போய்விட்டு நேராக வந்தவரிடமும் அது நின்றுவிடலாம். நாய்க்குப் பயப்படும் குழந்தைகளையும் மறக்கக் கூடாது.

ஒரே வாசல் உள்ள அரங்கத்துக்கு ஸ்கேனர் சரி. பல வாசல் உள்ள மாலுக்கு என் ஓட்டு நாய்க்குத்தான், அதுவும் ஒன்றல்ல, மாற்றி மாற்றி வேலைபார்க்கும் அளவுக்கு.